சாமான்களுடன்

வீடு விற்பனைக்கு என்பது ஒரு செய்தி. வீடு சாமான்களுடன் விற்பனைக்கு என்பது வேறு செய்தி. முதலாவதில் ஒரு குடும்பம் இடம் மாறுகிறது. கட்டிலும் பாத்திரமும் சாமி படமும் வண்டியேறி அவர்களோடு போய்விடும். புதிதாக வருகிறவனுக்குச் சுவரில் ஆணி அடித்த துவாரங்கள் மிஞ்சும். இரண்டாவதில் குடும்பம் எப்போதோ போய்விட்டது. எந்த வருஷம் போயிற்று என்று கேட்டால் அவர்களுக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. சாமான்கள் மட்டும் தங்கிவிட்டன. எடுத்துப் போக ஆளில்லை, வைத்துக்கொள்ள இடமில்லை. ஆகவே அவையும் விலையில் சேர்ந்துகொண்டன.

இப்படி விற்கும்போது விற்கப்படுவது என்ன? அதை விற்கும் அதிகாரம் விற்கிறவனுக்கு எங்கிருந்து வந்தது? சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் போதாது என்று நினைக்கிறேன். ஆனால் அது போதாது என்பதைச் சொல்ல நாம் வழக்கமாகக் கைக்கொள்ளும் வழி, பழமை போயிற்றே என்ற ஒப்பாரி, அதைவிடவும் போதாது. இரண்டுக்கும் வெளியே நின்று யோசிக்க முடியுமா என்று பார்க்கலாம்.

மத்தியதரைக் கடலை ஒட்டிய பழைய நகரங்களின் புறத்தே, ஒலிவ மரங்களுக்கு நடுவில் உள்ள குடும்ப வீடுகள் கட்டில் மேஜை அலமாரியோடு விலைக்கு வருவது அங்கே சாதாரணம். நமக்கு அது தூரத்துச் சங்கதி இல்லை. மதுரையிலிருந்து கிழக்கே மேலூர், திருப்பத்தூர் வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் போனால் காரைக்குடி. வைகைப் பாசனத்தின் பச்சை பின்தங்கி, செம்மண்ணும் முள்ளும் ஊருணிகளும் தொடங்கிய பிறகு, அந்த வறண்ட வெளியில் மாளிகைகள் தெருத்தெருவாக நிற்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை, கடியாபட்டி என்று எழுபதுக்கு மேற்பட்ட நகரத்தார் ஊர்கள். 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம் பெற்றன. பட்டியலில் ஏறிய வீடுகளில் பலவற்றில் காவல்காரரைத் தவிர ஆளில்லை.

வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு தெருவில் வாசல் என்றால் அடுத்த தெருவில் பின்கட்டுக் கதவு. முகப்பு, பட்டாலை, பிறகு வானம் பார்த்த வளவு, அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஒரே கூரைதான், ஆனால் மணமான மகனுக்கு அடுப்பு தனி, கணக்கு தனி. ஊர்க் கணக்கிலும் கோயில் கணக்கிலும் அவன் ஒரு ‘புள்ளி’. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, ஜப்பானிலிருந்து பூ ஓடு. சுவருக்கு மட்டும் நம் ஊர் வித்தை: சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக் கரு, தேய்க்கத் தேய்க்கப் பளிங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940கள் வரை, ஏறக்குறைய மூன்று தலைமுறைக் காலத்துக் கட்டுமானம் இது.

இந்த வீடுகளுக்கு இப்போது நான்கு கதிகள். முதலாவது பூட்டு. கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் மூத்தோருக்குப் படைப்புப் போடும் நாளுக்கும் திறந்து, மறுபடி பூட்டுவது. இரண்டாவது பிரித்து விற்பது. தூண் ஒருவனுக்கு, நிலைக்கதவு ஒருவனுக்கு, உத்தரம் ஒருவனுக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வீடுகளின் உறுப்புகளைத் தனித்தனியே பார்க்கலாம். மூன்றாவது விடுதி ஆவது. வளவில் வெளிநாட்டார் காலை உணவு அருந்துகிறார்கள். நான்காவது நான் எடுத்துக்கொண்ட விஷயம்: திறந்து பார்க்காமல், பிரிக்காமல், உள்ளே இருப்பது இருக்கிறபடி மொத்தமாகக் கைமாற்றுவது.

சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம் பூமியோடு இணைந்தது எது என்பதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. மண்ணில் வேர் விட்டது, மண்ணில் பதிந்தது, அப்படிப் பதிந்ததோடு நிலையான அனுபோகத்துக்காகப் பொருத்தப்பட்டது. இவை வீட்டைச் சேர்ந்தவை. மற்றவை அசையும் பொருள். ஆகவே நிலைக்கதவு வீடு. ஊஞ்சல் தொங்கும் இரும்பு வளையம் வீடு. ஊஞ்சல் பலகை வீடு அன்று. சுவரில் பதித்த அலமாரி வீடு, அதற்குள் இருக்கும் பேரேடு வீடு அன்று. வீட்டைக் கைமாற்றப் பதிவு அலுவலகம் வேண்டும், சாட்சி வேண்டும், முத்திரைத்தாள் வேண்டும். ஊஞ்சல் பலகையைக் கைமாற்ற ஒரு தலையசைப்புப் போதும்.

சட்டத்தைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. வீட்டைப் பற்றி அதற்குச் சில நுட்பமான விஷயங்கள் தெரிந்தே இருக்கின்றன. அதே 1882ஆம் வருஷத்துச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை அந்நியன் விலைக்கு வாங்கினாலும், அந்தக் குடும்பத்தோடு கூடி அங்கே குடியிருக்கும் உரிமை அதனால் மட்டும் அவனுக்கு வந்துவிடாது என்கிறது. 1893ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்த அந்நியன் பாகம் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டால், பங்காளிகளில் ஒருவர் முன்வந்து கோர்ட் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வயலுக்கு இந்தச் சலுகை இல்லை, கடைக்கு இல்லை, குடியிருப்பு வீட்டுக்கு மட்டும் உண்டு. பணம் கொடுத்தும் நுழைய முடியாத ஓர் உள்வட்டம் வீட்டில் இருப்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது என்றே இதற்கு அர்த்தம். ஆனால் அந்த ஒப்புதல் செங்கல்லோடு நின்றுவிடுகிறது. உள்வட்டத்தை உள்வட்டமாக வைத்திருந்த ஊஞ்சல், அண்டா, பேரேடு ஆகியவற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

சாமான் என்ற சொல்லை நாம் அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம். இந்த வீடுகளில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு. நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணோடு வருபவை சாமான்கள். வெள்ளி, பித்தளை, வெண்கலம், எனாமல் தூக்கு, மரவை, தடுக்கு, பாய், ஓலைக் கொட்டான். ஒரு குடும்பம் ஓர் ஆயுளில் புழங்கித் தீர்க்க முடியாத எண்ணிக்கை. அவற்றைப் பரப்பி வைப்பார்கள், வந்தவர்கள் பார்ப்பார்கள். எத்தனை என்பது எழுதப்படும். பாத்திரத்தின் விளிம்பில் பெயரின் முதலெழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். பிறகு அவை அறைக்குள் போய்விடும். பாதிக்கு மேல் அடுப்பையே பார்த்திருக்காது.

இவற்றைச் சொத்து என்று மட்டும் சொன்னால் விஷயம் நழுவிவிடுகிறது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்ஸெல் மோஸ் 1925ல் வெளியான தமது கொடை பற்றிய ஆய்வில் ஒரு கருத்தை நிறுவ முயன்றார். கொடுக்கப்பட்ட பொருளில் கொடுத்தவரின் ஏதோ ஓர் அம்சம் தங்கிவிடுகிறது, அதனால்தான் பெற்றவர் கடமைப்படுகிறார் என்பது அதன் சாரம். பாலினேஷியா வரை போய் அவர் தேடியதைச் செட்டிநாட்டுச் சாமான் அறையில் பித்தளையில் வெட்டிய எழுத்தாகவே பார்க்கலாம். அந்த எழுத்து, இதைக் கொடுத்த ஒரு வீடு உண்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய மேஜையை விற்கிறவன் தன் பணத்தைத் திரும்ப எடுக்கிறான். சீராக வந்த அண்டாவை விற்கிறவன் எடுப்பது யாருடைய பணம்?

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. சீராக வந்தது ஸ்திரீதனம், பெண்ணுக்கே உரியது. பழைய இந்து சட்டப்படி அது பெண்வழியில்தான் முதலில் இறங்கும். வீடோ ஆண்வழியில் இறங்கியது. ஆக, ஒரே கூரையின் கீழ் இரண்டு வம்சாவளிகள் குடியிருந்தன. சுவர்கள் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயின, பாத்திரங்கள் தாயிடமிருந்து மகளுக்குப் போயின. தமிழ்நாட்டில் 1989ல் வந்த திருத்தமும் நாடு முழுமைக்கும் 2005ல் வந்த திருத்தமும் மகள்களைச் சுவர்களிலும் பங்குடையவர்கள் ஆக்கின. நியாயமான காரியம். ஆனால் எண்பது, நூறு வருஷங்களுக்கு முன் அறைக்குள் போய், மகள் இல்லாமலோ மகள் கேட்காமலோ அங்கேயே நின்றுவிட்ட பாத்திரங்கள் எந்தத் திருத்தத்திலும் வரவில்லை. ‘சாமான்களுடன்’ என்று ஒரு வார்த்தை எழுதும்போது இரண்டாவது வம்சாவளி முதலாவதற்குள் சத்தமில்லாமல் கரைந்துவிடுகிறது. யாரும் திருடவில்லை, ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் பெயர் கேட்கப்படாமலே கைமாறியிருக்கிறது.

இதற்கு எதிர்வாதம் பலமானது. அதைப் பலவீனமாக்கிச் சொல்லி ஜெயிக்க விரும்பவில்லை.

வாரிசு என்ன சொல்வார்? ஐயா, என் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு இது. இன்று பங்காளிகள் நாற்பது பேர். சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். மழை பெய்தால் ஓடு ஒழுகும், ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. அந்தக் காலத்துச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். நாற்பது கையெழுத்தை ஒரு தாளில் வாங்க எங்களுக்குப் பத்து வருஷம் ஆயிற்று. இனி ஊஞ்சல் யாருக்கு, ரவிவர்மா படம் யாருக்கு, மரகதப் பச்சைக் கண்ணாடி விளக்கு யாருக்கு என்று ஆரம்பித்தால் கையெழுத்துப் போட்டவர்களே கோர்ட்டுக்குப் போவார்கள். வீட்டைப் பிரித்து விற்றால் அது தறி கெட்டுப் போகும். சாமான்களோடு விற்றால் ஊஞ்சலாவது அதே வளையத்தில் தொங்கும். நூறு படி சோறு வடிக்கும் அண்டாவை என் அடுக்குமாடி வீட்டில் எங்கே வைப்பேன்? நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா?

கடைசிக் கேள்விக்கு நம்மில் யாரிடமும் பதில் இல்லை. நாம் அவருடைய வீட்டை ரசித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறவர்கள். பராமரிப்புச் செலவை ஏற்காதவனின் பாரம்பரியப் பற்று மலிவானது. தமிழ் சினிமாவுக்கும் இந்த முகப்புகள் அலுப்பதே இல்லை. 2000ல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ இந்தப் பக்கத்தில் எடுக்கப்பட்டது. அதன் மூலம் 1811ல் வெளியான ஜேன் ஆஸ்டின் நாவல். வாரிசுரிமை கைமாறி வீட்டை இழக்கும் சகோதரிகளின் கதை. இங்கிலாந்தின் கதைக்கு இந்த ஊர் அச்சாகப் பொருந்தியது தற்செயல் இல்லை. ஆனால் திரையில் அந்த வீட்டின் துக்கமும் அழகாக இருக்கிறது. ஓடு ஒழுகுவது தெரியவில்லை.

ஒப்பாரி பாடுகிறவர்கள் பார்க்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. இந்த வீடுகளே ஒரு கைமாற்றத்தின் விளைவுகள். கீழ் பர்மாவின் நெல் நிலத்துக்குக் கடன் கொடுத்துச் சேர்ந்த பணம் இந்தத் தூண்களில் நிற்கிறது. 1930ல் உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் உடைமை 1930களின் இறுதிக்குள் சுமார் இருபத்தைந்து பங்காயிற்று. வேண்டி வாங்கியது என்று சொல்ல முடியாது. அவர்களுக்குப் பணம்தான் வேண்டியிருந்தது, நிலம் சுமையாகவே வந்தது. ஆனாலும் அந்த நிலத்திலிருந்து எழுந்து போன பர்மியக் குடியானவனுக்கும் ஒரு வீடு இருந்தது, அவனுக்கும் சாமான்கள் இருந்தன. அவற்றை யார் பட்டியலிட்டார்கள்?

பிறகு 1942. ஜப்பானியர் ரங்கூனுக்குள் வந்தார்கள். கிட்டங்கிகளையும் பெட்டியடிகளையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அராக்கான் மலைவழியாக நடந்தும், கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும் ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மா 1948ல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. 1962ல் ராணுவ ஆட்சி வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. ஆக, சாமான்களோடு ஒரு வீட்டை விட்டு வருவது என்றால் என்ன என்பது இந்தச் சமூகத்துக்குத் தெரியாததன்று. அங்கே விலை கிடைக்கவில்லை, இங்கே விலை கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் அவ்வளவுதானா என்று அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளலாம். வெளியிலிருந்து கேட்கும் யோக்கியதை நமக்குக் குறைவு.

ஆகவே, விற்பது பாவம் என்ற பேச்சை விட்டுவிடலாம். விற்று வாங்கிக் கட்டியதை விற்பதில் தனிப் பாவம் ஒன்றுமில்லை. செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ 1904ல் மேடையேறியது. அந்த நாடகத்தில் எஸ்டேட்டை ஏலத்தில் எடுப்பவன் யார்? அந்தப் பண்ணையிலேயே அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். செகாவ் அவனை வில்லனாக்கவில்லை. அவனுடைய சந்தோஷத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. செட்டிநாட்டில் சுண்ணாம்பு அரைத்தவர்களின் பேரன் ஒருவன் பணம் சேர்த்து அந்த வீட்டை வாங்கினால் நான் அழ மாட்டேன். நாடகத்தில் என்னைத் தொந்தரவு செய்வது வேறு இரண்டு சங்கதிகள். வீட்டை இழக்கப்போகும் கயேவ், நூறு வயதான புத்தக அலமாரியைப் பார்த்து உருக்கமாக ஒரு பிரசங்கமே செய்கிறான். ஆனால் அதைக் காப்பாற்ற ஒரு காரியமும் செய்வதில்லை. கடைசியில் எல்லோரும் வண்டியேறிய பிறகு, கிழட்டு வேலைக்காரன் ஃபீர்ஸ் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறான். அவனை அழைத்துப் போனார்களா என்று விசாரித்தார்கள், யாரோ பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். அறைகளை ஒருமுறை சுற்றிப் பார்க்கவில்லை. பொருளிடம் பிரசங்கம், மனிதனை மறதியாக விட்டுப்போதல். இரண்டும் ஒரே குணத்தின் இரு பக்கங்கள். ‘சாமான்களுடன்’ என்பதில் நான் அஞ்சுவது இந்தக் குணத்தைத்தான்.

பாதுகாத்தால் தீர்ந்துவிடும் என்கிறவர்களுக்கு மதுரைக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. திருமலை நாயக்கர் 1636ல் கட்டிய அரண்மனையை அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகர் மாற்றியபோது பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்று சொல்லப்படுகிறது. தாத்தா வீட்டின் தூணைப் பெயர்ப்பது செட்டிநாட்டில் ஆரம்பித்த வழக்கமில்லை. மிஞ்சியது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 1866 முதல் 1872 வரை சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். தூண்கள் பிரம்மாண்டம்தான். ஆனால் அங்கே யார் எங்கே தூங்கினார்கள், எந்தப் பாத்திரத்தில் குடித்தார்கள் என்பதற்கு ஒரு துரும்பு மிஞ்சவில்லை. அதே போலச் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று பெயர்த்து எடுக்கப்பட்டு மறுபடி நிறுத்தப்பட்டிருக்கிறது. நல்ல காரியம், இடிபட்டுப் போவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அங்கே நாம் பார்வையாளர்கள். ஒரு வீடு வீடாக இருப்பது யாரையாவது அது வேலை வாங்கும்வரைதான். கூட்டு, விளக்கேற்று, ஓடு மாற்று, வந்தவனுக்குத் தண்ணீர் கொடு என்று அது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். காட்சியாகிவிட்ட வீடு எதையும் கேட்பதில்லை. விடுதி கேட்கிறது, ஆனால் சம்பளக்காரர்களிடம். அது கௌரவமான பிழைப்பு. குடும்பத்தின் கடமை அதோடு தீர்ந்துவிட்டது என்று கொள்ள முடியாது.

பின் எதுதான் கடமை? என் பதில் மிகவும் சாதாரணமானது. விற்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அறையாகத் திறந்து, ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, இது என்ன, யார் கொண்டுவந்தது, இப்போது யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். முடிவு ‘விற்றுவிடு’ என்று இருக்கலாம், ‘எரித்துவிடு’ என்றும் இருக்கலாம். முடிவு செய்யாமல் விடுவதுதான் தவறு. நம் மரபில் இறந்தவருக்குச் செய்யும் கடைசிக் காரியத்தில் உடம்பைக் கழுவுவது உண்டு. எரிக்கப்போகிற உடம்பை ஏன் கழுவ வேண்டும் என்று லௌகீகமான ஒருவன் கேட்கலாம். பிரயோஜனம் ஒன்றுமில்லை. ஆனால் கழுவாமல் தூக்கிக் கொடுத்துவிட்டு வருவதை நாம் தாங்க மாட்டோம். சாமான்களைப் பார்க்காமல் சாவியைக் கொடுப்பது அந்த வகையைச் சேர்ந்தது.

வீட்டுக்குள் சாமான் வந்தபோது ஒரு பட்டியல் எழுதப்பட்டது என்று சொன்னேன். வீட்டை விட்டு அது போகும்போது பட்டியல் இல்லை. நான் கேட்பது அந்த இரண்டாவது பட்டியலை. அதற்கு நாற்பது பேர் சம்மதம் வேண்டியதில்லை. யாருக்கு என்ன என்ற பிரிவினையே வேண்டியதில்லை. இன்னது இருந்தது, இன்னாரோடு வந்தது என்று எழுதி நாற்பது பேருக்கும் ஒரு பிரதி கொடுத்தால் போதும். பெயர் வெட்டிய ஒரு கிண்ணத்தை அந்தப் பெண்ணின் பேத்தி எங்கோ ஓர் ஊரிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள அது வழி விடும். கேட்காவிட்டாலும் குற்றமில்லை. கேட்கும் வழி அடைபடவில்லை.

காகிதம் என்று வரும்போது இது உணர்ச்சி விஷயம் மட்டுமில்லை. இந்த அறைகளில் பேரேடுகளும் ஐந்தொகைகளும் கடிதக் கட்டுகளும் இருக்கின்றன. எந்த ஊர்க் குடியானவனுக்கு எவ்வளவு, எந்த வட்டிக்கு, எப்போது நிலம் வந்தது என்பதெல்லாம் அவற்றில்தான். சற்று முன்பு கேட்டேனே, பர்மியனின் சாமான்களை யார் பட்டியலிட்டார்கள் என்று. ஏதாவது ஒரு தடயம் மிஞ்சியிருந்தால் அது இந்தப் பேரேடுகளில் மிஞ்சியிருக்கும். ஊஞ்சலுக்கு விலை உண்டு, வாங்குகிறவன் அதைத் துடைத்து வைப்பான். பேரேட்டுக்கு விலை இல்லை, எடைக்குப் போகும். சாமான்களோடு விற்கிறபோது முதலில் அழிவது அதுவாகத்தான் இருக்கும். அதோடு ஒரு கடனின் சாட்சியமும் அழியும். அந்தக் கடனில் கொடுத்தவர் மட்டும் கட்சிக்காரர் இல்லை.

பட்டியல் போடுவதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு அதே மண்ணில் ஓர் உதாரணம் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் சேர்த்தது சுமார் ஒரு லட்சம் புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள். வீடே காகிதமாக இருந்தது. 1992ல் அவர் காலமானார். தொகுப்பு விலைக்குத்தான் போயிற்று. வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அதுவும் ஒரு விதத்தில் சாமான்களுடன் நடந்த விற்பனையே. ஆனால் அவை கடல் கடந்து போகவில்லை. 1994ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. ஒவ்வொரு தாளும் எடுக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, பெயரிடப்பட்டு, எண்ணிடப்பட்டது. தமிழில் எழுதுகிற, ஆராய்கிற பலர் அந்த எண்ணைக் கொண்டே இன்று ஒரு பழைய இதழைக் கேட்டு வாங்குகிறார்கள். அந்த விற்பனையில் எதுவும் இழிவுபடவில்லை. பணம் கைமாறியதால் அதன் மதிப்புக் குறையவும் இல்லை. அதைக் காப்பாற்றியது அந்த எண்.

எல்லா வீடும் நூலகம் ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் இருப்பது பாயும் பாத்திரமும் பழைய காலண்டரும்தான். நானும் நீங்களும் விட்டுப்போகப் போவது அதைவிடக் குறைவு. ஆனால் அளவு சிறியது என்பதால் கேள்வி சிறியதாகிவிடாது. மதுரையில் ஒரு வாடகை வீட்டைக் காலி செய்கிறபோதும், இறந்துபோன அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறக்காமலே பழைய இரும்புக்காரனிடம் எடுத்துக் கொடுக்கிறபோதும் இதே காரியம் சிறிய அளவில் நடக்கிறது. திறந்தால் நேரமாகும், திறந்தால் மனசு கேட்காது என்கிறோம். இரண்டும் உண்மை. அந்த நேரத்தையும் அந்த மனசையும்தான் அந்தப் பெட்டி நம்மிடம் கேட்கிறது. வேறெதையும் அது கேட்கவில்லை. வைத்துக்கொள் என்றுகூடக் கேட்கவில்லை.

வாங்குகிறவனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் பணம் கொடுத்துச் சாவியை வாங்குகிறான். உள்ளே மற்றவர்களுடைய வாழ்வு அப்படியே இருக்கிறது. நாற்காலியில் யாரோ உட்கார்ந்த பள்ளம், கண்ணாடியில் ஒட்டிய பொட்டு. அவன் அவற்றைத் தன்னுடையவை என்று நினைத்தால் தவறு, குப்பை என்று நினைத்தாலும் தவறு. விற்றவர் செய்யாத வேலை அவன் தலையில் விழுந்திருக்கிறது. முன்பின் தெரியாத பெண்ணின் பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது யார் என்று அவன் விசாரிக்க ஆரம்பித்தானானால், அந்த வீட்டில் அந்நியன் அவன் மட்டும் என்று சொல்ல முடியாது. கேட்காமல் கையெழுத்துப் போட்ட நாற்பது பேரைவிட அவன் அந்த வீட்டுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்துவிட்டான்.